தண்ணீரில் போடுமுன்: தபால் தலைகளைப் பற்றி ஒரு பாடம்



உபயோகித்த தபால் தலைகளைச் சேர்த்து அனுப்பும் நற்பணியைப் பல சபைகளில் மாதர் சங்கத்தாரும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் உற்சாகமாய்ச் செய்து வருகிறீர்கள். வந்து சேருகிறவற்றைத் தரம் பிரித்து, சேகரிப்போருக்கு எடைக்குக் கொடுத்து, கிடைப்பதை ஏழை நோயாளிகளின் மருந்துச் செலவுக்கென்று வைக்கிறோம். தபால் தலை ஒட்டிய கடிதங்கள் குறைந்துபோன இந்நாட்களில், பழைய பெட்டிகளிலிருந்து வருபவையே அதிகம். ஆகவே "தாளோடு அனுப்பலாமா, ஊறவைத்து உரித்து அனுப்பலாமா?" என்று நீங்கள் கேட்பது நல்ல கேள்வி. தாளிலுள்ள தலையை எப்போது வேண்டுமானாலும் ஊறவைக்கலாம். ஊறிக் கெட்டதைத் திரும்பப் பெற முடியாது. இதை மனதில் வைத்தே இந்தப் பாடத்தைப் படிப்போம்.

1. பொதுவான விதி: தாளோடு அனுப்புங்கள்

எடைக்கு வாங்குவோரில் பலர் தாளோடுள்ள தலைகளையே விரும்புகிறார்கள். தாங்களே தேடிப் பிரிப்பது அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. தாள் தலைக்குப் பாதுகாப்பும்கூட. எனவே உறையிலிருந்து வெட்டும்போது நான்கு பக்கமும் கால் அங்குலமாவது தாளை விட்டு வெட்டுங்கள். ஓரத்திலுள்ள பற்களில் ஒன்று வெட்டுப்பட்டாலும் அந்தத் தலையைச் சேகரிப்போர் ஒதுக்கிவிடுவார்கள். கையால் கிழித்து எடுப்பது கூடவே கூடாது; தலையின் பின்புறம் மெலிந்துபோகும்.

2. ஒருபோதும் ஊறவைக்கக் கூடாதவை

அ) முழு உறைகள். பழைய உறையில் தலையைவிட அதன் மேலுள்ள முத்திரைக்கே சில சமயம் மதிப்பு அதிகம். எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், எந்த வழியாய்க் கடிதம் போயிற்று என்பதை அதுதான் சொல்லுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பங்காளர்கள் இதை விசேஷமாய்க் கவனியுங்கள். 1956 வரை உங்கள் ஊர்களில் பெரும்பாலானவை திருவிதாங்கூரோடும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தன. அங்கே 'அஞ்சல்' என்ற தனித் தபால் நிர்வாகம் நடந்தது. 1888 முதல் சங்கு முத்திரையுள்ள தலைகளை வெளியிட்டது. 1951-ல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. தாத்தா பாட்டியின் பெட்டியில் அப்படி ஓர் உறை இருந்தால் கத்தரிக்கோலை வைத்துவிட்டு முழுதாகவே அனுப்புங்கள்.

ஆ) சாயம் கரையும் தலைகள். முத்திரையை அழித்துத் தலையை மறுபடி உபயோகிப்பதைத் தடுக்கவே சில நாடுகள் வேண்டுமென்றே கரையும் மையில் அச்சிட்டன. 1883-84-ல் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சைத் தலைகள் இவ்வகை. நனைந்தால் நிறம் வெளுத்துப்போகும்.

இ) தானே ஒட்டும் தலைகள். 2009 முதல் பிரிட்டனில் வந்த, வெட்டுக் கோடுகளுள்ள தலைகளின் பசை தண்ணீரில் கரையாது. அமெரிக்காவின் பிற்காலத் தலைகள் பலவும் அப்படியே. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் கடிதங்களில் இவை வரும். தாளோடு வெட்டினால் போதும்.

ஈ) விசேஷத் தாளும் பூச்சும் உள்ளவை. இந்தியா 2006-ல் சந்தன மணத்தோடு ஒரு தலையும், 2011-ல் கதர்த் துணியில் காந்தியடிகளின் தலையும் வெளியிட்டது. இவற்றை நனைக்கவே வேண்டாம்.

3. ஊறவைக்கத் தகுந்தவை

தண்ணீரில் கரையும் பசையுள்ள சாதாரண இந்தியத் தலைகள், தாள் கிழிந்தோ அழுக்காயோ இருந்தால் ஊறவைக்கலாம். முதலில் சிவப்பு, பச்சை முதலிய வண்ண உறைகளிலும் பழுப்பு உறைகளிலும் உள்ளவற்றைத் தனியே பிரியுங்கள். ஒரு சபையில் பிள்ளைகள் ஓராண்டாய்ச் சேர்த்த தலைகளைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து உறைத் துண்டுகளோடு ஒரே வாளியில் போட்டார்கள். சிவப்புச் சாயம் இறங்கி, அத்தனையும் இளஞ்சிவப்பாகிவிட்டன. பிள்ளைகளின் உழைப்பு ஒரு மணி நேரத்தில் வீணாயிற்று.

அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, சில தலைகளை மட்டும் போடுங்கள். கால் மணி நேரத்துக்குப்பின் தலை தானாகவே தாளைவிட்டு நழுவும். நழுவாவிட்டால் இன்னும் சற்றுக் காத்திருங்கள், இழுக்காதீர்கள். வேறு சுத்தமான தண்ணீரில் அலசிப் பசையைப் போக்கி, வெள்ளைத் தாளின்மேல் படம் கீழே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள். பின்பு கனமான புத்தகத்துக்குள் ஓரிரவு வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும். முத்திரை மையை அழிக்க முயலவும் வேண்டாம். அழித்து மறுபடி உபயோகிப்பது சட்டப்படி குற்றம்.

4. தனியே வைக்க வேண்டியவை

1948 ஆகஸ்டு 15-ல் வெளியான காந்தியடிகளின் நான்கு தலைகள் போன்றவை கண்ணில் பட்டால், எடைக் குவியலில் சேர்க்காமல் தனிக் கவரில் வைத்து மேலே எழுதியனுப்புங்கள். தகுந்தவரிடம் காட்டித் தனியே விற்போம்.

குழுவாய்ச் சிந்திக்க

1. சிவப்பு உறையில் ஒட்டிய சாதாரண ஐந்து ரூபாய்த் தலை. என்ன செய்வீர்கள்? ஏன்?

2. எந்த வகையென்று தெரியாத வெளிநாட்டுத் தலை. ஊறவைக்க அவசியம் உண்டா?

3. மரித்துப்போன கணவரின் கடிதக் கட்டை ஒரு தாயார் அப்படியே காணிக்கையாய்த் தருகிறார். முதலில் செய்யவேண்டியது என்ன?

மூன்றாவது கேள்விக்கு எங்கள் மனதிலுள்ளதைச் சொல்லிவிடுகிறோம். கடிதங்களை அவரிடமே திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். வைத்துக்கொள்ள விரும்புவதை அவர் வைத்துக்கொள்ளட்டும். மீதியை மட்டும் வாங்குங்கள். ஒரு குடும்பத்தின் நினைவைப் பறித்து மருந்து வாங்க நாங்கள் விரும்பவில்லை.

ஐந்து அப்பங்களைப் பங்கிட்டபின் மீந்த துண்டுகளைச் சீஷர்கள் கூடைகளில் சேர்த்ததை நாம் அறிவோம். குப்பைக்குப் போகவேண்டிய சிறு தாள்துண்டுகளை நீங்களும் அப்படியே பொறுமையாய்ச் சேர்க்கிறீர்கள். சந்தேகம் வந்தால் ஊறவைக்காமலே அனுப்புங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்.