வலியறிதலும் எஞ்சின் மாற்றமும்

தமிழ் பயிலும் மாணவனுக்கும் மோட்டார்ப் பட்டறைக்கும் என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை வரையில் யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தைத் தேர்வின்பொருட்டுப் பலமுறை ஓதியிருந்தும், அதன் பொருள் என் உள்ளத்தில் முற்றப் பதிந்தது வகுப்பறையில் அன்று. திருவள்ளூர் இருப்புப்பாதை நிலையத்தை அடுத்த மணவாள நகரில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு பட்டறையின் திண்ணையிலேயாம். அங்கே யான் கற்ற பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூரில் என் தாய்மாமன் பயிர்த்தொழில் செய்து வருகிறார். அவரிடம் என் பாட்டனார் விட்டுச் சென்ற பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று உண்டு. விதைநெல்லும் உரமும் ஏரிக்கரை வழியே கழனிக்குக் கொண்டு சேர்ப்பதும், அறுவடைக் காலத்தில் சிறு டிரெய்லர் ஒன்றை இழுப்பதும் அதன் அன்றாடத் தொழில்கள். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில் ஊர்த் தரைப்பாலத்தின்மேல் நீர் புரண்டோடிய இரவில், பேறுகால நோவுற்ற அண்டை வீட்டு அம்மையாரை அக்கரை சேர்த்ததும் அந்த ஜீப்பே. அப்பொழுது யான் சிறுவன். எனினும் அவ்விரவு இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அன்று முதல் ஊரார் அவ்வண்டியைத் தம்முடையதாகவே கருதி வருகின்றனர்.

அந்த எஞ்சின் இப்பொழுது தளர்ந்துவிட்டது. நீலப்புகை கக்கும், எண்ணெய் குடிக்கும், வெறுங்கரை ஏறவும் மூச்சு வாங்கும். மாமன் மகனோ, விபத்தில் நொறுங்கிய புதிய வண்டி ஒன்றின் 105 குதிரைத்திறன் டீசல் எஞ்சினைத் தரகர் ஒருவர் குறைந்த விலைக்குத் தருவதாகக் கூறி, "அதையே பொருத்திவிடலாம், அப்பா" என்று வற்புறுத்தினான். மாமனுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. மூவருமாக மணவாள நகருக்குச் சென்று, பாட்டனார் காலந்தொட்டு அவ்வண்டியைப் பேணிவரும் முதிய மெக்கானிக்கிடம் வழக்கை வைத்தோம். அவர் சிறிது நேரம் வண்டியைச் சுற்றி வந்து, "எந்த எஞ்சின் என்பதை அப்புறம் பார்க்கலாம், ஐயா. வண்டிக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லுங்கள்" என்றார்.

இச்சொல்லைக் கேட்டதும் எனக்கு வள்ளுவர் நினைவு வந்தது. செய்யக் கருதிய செயலின் வலி, தன் வலி, எதிர்ப்போன் வலி, துணைவர் வலி ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பின்னரே ஒருவன் செயலில் இறங்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் முதற் கருத்து. மெக்கானிக் வள்ளுவரைக் கற்றவர் அல்லர். ஆயினும், அன்று பிற்பகல் முழுதும் அவர் எங்களுக்கு எடுத்துரைத்தவை அந்நான்கினுள் அடங்கின.

முதலாவது, செயலின் வலி. எஞ்சினின் ஆற்றலைக் குதிரைத்திறன் ஒன்றால் மட்டும் அளப்பது உலக வழக்கு. அஃது அரைகுறை அளவேயாகும். சுழல்தண்டை எஞ்சின் எவ்வளவு வன்மையாகத் திருகுகிறது என்பது முறுக்குவிசை. அத்திருகலை எத்துணை விரைவில் செய்கிறது என்பதையும் கூட்டிச் சொல்வது குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் விரைந்தோட வேண்டிய வண்டிக்குக் குதிரைத்திறன் வேண்டும். சேற்றிலும் கரைமேட்டிலும் பாரம் இழுக்க வேண்டிய வண்டிக்கோ, எஞ்சின் மெல்லச் சுழலும்போதே கிடைக்கும் முறுக்குவிசை வேண்டும். மகிந்திரா நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட தார் வண்டி இரு எஞ்சின்களோடு விற்பனைக்கு வந்தமை இதற்குச் சான்றாகும். ஒன்று 2523 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் 63 குதிரைத்திறனும் உடையது. மற்றொன்று 2498 கன செண்டிமீட்டரும் 105 குதிரைத்திறனும் உடையது. முன்னதன் மிகுதியான முறுக்குவிசை நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே கிட்டிவிடும். உழவனுக்கும் நெடுவழி செல்வோனுக்கும் தேவை வேறு வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, தன் வலி. ஈண்டுத் 'தான்' என்பது எஞ்சினை ஏற்கும் வண்டி. ஜீப்பின் முதற்கியர் எஞ்சினின் திருகலை ஏறத்தாழ 2.8 மடங்காக்கும். நான்கு சக்கர ஓட்டத்துக்குரிய துணைப்பெட்டி, தாழ்நிலையில் அதனை 2.46 மடங்காக்கும். அச்சின் நடுவேயுள்ள பற்சக்கரங்கள் மேலும் 5.38 மடங்காக்கும். இவை வில்லீஸ் சிஜே-3பி என்னும் உயர்ந்த மூடியுடைய ஜீப்பின் அளவுகள். எங்கள் வண்டியும் அவ்வகையே. மூன்றையும் பெருக்கின் 37 மடங்கு ஆகும். பழைய பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். உராய்வால் வரும் இழப்பை நீக்காமற் கணக்கிட்டால், அச்சை அடைவது 5,700-க்குச் சற்று மேல். 105 குதிரைத்திறன் எஞ்சினின் முறுக்குவிசையோ 247 நியூட்டன் மீட்டர். அதனை 37-ஆற் பெருக்கின் 9,100-க்கு மேற்படும். வண்டியின் பற்சக்கரங்களும் அச்சுத்தண்டுகளும் பழையனவாகவே இருக்க, அவற்றின்மேல் விழும் சுமை மட்டும் ஒன்றரை மடங்கினும் மிகுகின்றது. சக்கரம் சேற்றிற் புதைந்து நிற்கும் வேளையில் ஆர்வத்தோடு முடுக்கினால், முறிவது எஞ்சின் அன்று, அச்சே.

மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு இற்றுவிடும் என்று வள்ளுவர் இவ்வதிகாரத்திலேயே கூறுகின்றார். அதனைப் பிறிதுமொழிதல் என்னும் அணியாக உரையாசிரியர் கொள்வர்; வண்டியின் மேல் வைத்து வேந்தனுக்கு உரைத்தது என்பது கருத்து. மணவாள நகர்ப் பட்டறையில் மட்டும் அஃது அணியாக இல்லாமல், உள்ளவாறே உண்மையாக நின்றது.

மூன்றாவது, எதிர்ப்போன் வலி. வண்டியை எதிர்த்து நிற்பவை பள்ளமும் மேடும், சேறும் நீரும் ஆம். பெட்ரோல் எஞ்சின் மின்பொறியால் எரிவது. பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் நீர் புகுந்தால் எஞ்சின் அக்கணமே நின்றுவிடும். டீசல் எஞ்சினில் காற்றை இறுக்குவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்தலின் அதற்கு அவ்விடர் இல்லை. இது டீசலுக்கு உரிய பெருஞ்சிறப்பு. மாமன் மகனும் இதனையே எடுத்துக்காட்டி வாதிட்டான். ஆனால் இக்காலத்துக் 'காமன் ரெயில்' டீசல் எஞ்சின் பழைய டீசலைப் போன்றதன்று. எரிபொருள் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கின்றது. எப்பொழுது, எவ்வளவு பாய வேண்டும் என்பதை மின்னணுப் பெட்டி ஒன்று ஆணையிடுகின்றது. அப்பெட்டியும் அதற்குச் செய்தி தரும் உணரிகளும் கம்பிகளும் நீரினின்று காக்கப்படல் வேண்டும். அவற்றுள் ஒன்று கெடினும், ஏரிக்கரையில் நின்று ஸ்பானரால் சரிசெய்தல் இயலாது.

நான்காவது, துணைவர் வலி. எஞ்சினுக்குத் துணைவர் பலர். கிளட்ச் புதிய திருகலைத் தாங்குமா? ரேடியேட்டர் மிகுந்த வெப்பத்தை ஆற்றுமா? கூடிய எடையை முன்புற வில்கள் சுமக்குமா? எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன்னச்சின்மேல் இடியாதிருக்குமா? பிரேக்குக்கு வெற்றிடத் துணை இருப்பின், டீசல் எஞ்சினுக்குத் தனியே வெற்றிடப் பம்பு வேண்டுமே, அதற்கு இடம் உண்டா? எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பொருத்தும் இடைத்தட்டை மயிரிழை பிசகாது கடைந்து தரும் லேத்துப் பட்டறை அருகில் உண்டா? இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு செலவு. தரகர் கூறும் விலை எஞ்சினுக்கு மட்டுமே உரியது. எஞ்சினின் பின்னே வரும் இச்சுற்றத்துக்கு அவர் விலை கூறுவதில்லை.

ஓட்ட வேகமும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய பெட்ரோல் எஞ்சின் 4000 சுற்றில் முழு ஆற்றலைத் தரும். மெல்லச் சுழலும் டீசல் எஞ்சின் 3200 சுற்றோடு அமைந்துவிடும். அச்சுப் பற்சக்கரங்களை மாற்றாமல் விடின், மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டர் ஓடத்தக்க வண்டி 78-உடன் நின்றுவிடும். கழனிக்குச் செல்வோன் இதனைப் பொருட்படுத்தான். சென்னைக்கு நாள்தோறும் செல்வோன் பின்னர் வருந்துவான்.

நிற்க. எஞ்சினை மாற்றுவதே தவறு என்பது இதனாற் கொள்ளத்தக்கதன்று. ஜீப்பின் வரலாறே ஒருவகையில் எஞ்சின் மாற்றத்தின் வரலாறாகும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்பில் 60 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. அதனினும் உயரமான ஹரிக்கேன் என்னும் எஞ்சினை 1953-இல் பொருத்தியபோது பழைய மூடி அதற்கு இடங்கொடாமையால், முன்புற மூடியையே உயர்த்தி அமைத்தனர். நம் நாட்டிற் பல்லாண்டு செய்யப்பெற்ற உயர்மூடி ஜீப்பின் தோற்றத்துக்குக் காரணம் இதுவே. பின்னர் 1980-களில் பிரஞ்சு நாட்டுப் பூஜோ நிறுவனத்தின் 2112 கன செண்டிமீட்டர் டீசல் எஞ்சின் மகிந்திரா எம்எம் 540 வண்டியில் இடம்பெற்றது. எஞ்சின் மாறியபோதெல்லாம் அதற்கேற்ப வண்டியையும் மாற்றி அமைத்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. எஞ்சினை மட்டும் மாற்றி ஏனையவற்றை மறந்தாரல்லர்.

எங்கள் திருவள்ளூர் வட்டாரமும் இத்தொழிலுக்குப் புதியதன்று. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கே மண்வாரும் இயந்திரங்களைச் செய்தது. அப்பகுதி பின்னர்க் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. மித்சுபிசி பஜேரோ என்னும் கரடுமுரடு வழி ஊர்தி 2002 முதல் இங்கேயே இணைத்து உருவாக்கப்பெற்றது. இந்நாளில் சித்ரோயன் கார்கள் இவ்வூர்த் தொழிற்சாலையினின்று வெளிவருகின்றன. ஆதலின், எஞ்சின் அறிவுடைய கைகள் இங்குக் குறைவில்லை. அக்கைகளிடம் கேளாமல் தரகரிடம் கேட்பதே குறை.

இவையேயன்றி, சட்டத்தின் வலியும் ஒன்றுண்டு. எஞ்சினின் எண் வண்டியின் பதிவுச் சான்றிற் பொறிக்கப்பட்டிருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி எஞ்சினை மாற்றுதலை இசைவதில்லை. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை அமைப்பினின்று வண்டியை வேறுபடுத்தல் ஆகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவுக்கு விளக்கம் தந்துள்ளது. தரகர் காட்டிய எஞ்சினுக்கோ சான்றிதழ் யாதும் இல்லை. அத்தகைய எஞ்சினோடு விபத்து நேரின், காப்பீடும் கைவிடக்கூடும். வெள்ள இரவில் பிறர் உயிரைச் சுமந்து செல்லும் வண்டி, சட்டத்தின்முன் ஒளிந்து வாழும் வண்டியாக இருத்தல் தகுமோ?

இவற்றையெல்லாம் கேட்டபின், மாமன் தம் மகனை நோக்கி, "நம் வண்டி நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது?" என்று வினவினார். "ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்" என்றான் அவன். அவ்வளவு சிற்றோட்டத்தில், டீசலால் மிச்சமாகும் பணம் மாற்றத்தின் செலவை ஈடுசெய்யப் பல்லாண்டு வேண்டும் என்பதை அவனே கணக்கிட்டு உணர்ந்தான். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்து உருளைகளை அளந்து பார்த்தார். தேய்வு உண்டு, வெடிப்பு இல்லை. உருளைகளைச் சற்றே அகலக் கடைந்து, அவ்வளவுக்குரிய புதிய பிஸ்டன்களும் ரிங்குகளும் இட்டு, கிராங்குத் தண்டையும் தேய்த்துச் சீர்செய்தால் பழைய எஞ்சினே மீண்டும் உழைக்கும் என்றார். உருளைக் கட்டு வெடித்திருப்பின், அதே வகை எஞ்சினை உரிய சான்றோடு தேடுவது அடுத்த வழி; வேறு வகை எஞ்சினை நாடுவது அதற்கும் அடுத்த வழி என்றும் முறைப்படுத்திக் கூறினார். டிஸ்ட்ரிபியூட்டருக்கு நீர் புகாத ரப்பர் உறை ஒன்றை இட்டு, மாமன் மகனின் அச்சத்தையும் நீக்கினார்.

இம்முடிவு எல்லோர்க்கும் பொருந்துவதன்று. நாள்தோறும் நெடுந்தொலைவு பாரம் ஏற்றிச் செல்வோர்க்குத் தக்க டீசல் எஞ்சினே நலம் தரலாம். முடிவு ஆளுக்கு ஆள் வேறுபடும். முடிவுக்கு வரும் நெறியோ ஒன்றே. வேலை யாது, வண்டி தாங்குமா, வழி எத்தகையது, துணைப்பொருளும் துணைக்கைகளும் உளவா, சட்டம் இசையுமா என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே விலை பேசுதல் வேண்டும். விலையில் தொடங்குவோன் பெரும்பாலும் வருத்தத்தில் முடிப்பான்.

பொங்கலுக்கு முன்னாள் ஜீப் ஊர் திரும்பிற்று. டிரெய்லரில் உரமூட்டைகளோடு அஃது ஏரிக்கரையின்மேல் இரண்டாம் கியரில் அமைதியாக ஏறியபோது, மாமன் மகனே ஓட்டினான். யான் அவன் அருகில் அமர்ந்திருந்தேன். கரையுச்சியை அடைந்ததும் அவன் வண்டியை நிறுத்தி, "இது போதும்" என்றான். தனக்கு எவ்வளவு வலி வேண்டும் என்பதை அறிதலும் வலியறிதலின் ஒரு கூறே என்பதை அச்சொல் எனக்கு உணர்த்திற்று.