ஓடாத காருக்கும் வயசாகும்

கூரையை மடக்கி வைக்கக்கூடிய ஒரு பழைய சொகுசு கார். அதுல ஜாலியா போயிட்டு இருக்கீங்க. திடீர்னு சன் வைசர் பக்கத்துல இருந்து நெத்தியில ஒரு சொட்டு விழுது. மழை இல்ல. தொட்டுப் பார்த்தா பிசுபிசுன்னு எண்ணெய். இன்ஜின் இருக்கறது முன்னாடி, பானெட்டுக்குக் கீழ. தலைக்கு மேல எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு?

மெர்சிடிஸ் பென்ஸ் ஆர்129 வச்சிருக்கறவங்க யோசிக்காமலே பதில் சொல்வாங்க. 1989 ஜெனிவா மோட்டார் ஷோவில் அறிமுகமாகி 2001 வரைக்கும் தயாரான எஸ்எல் வரிசைக் கார் இது. புருனோ சாக்கோ தலைமையில் டிசைன் ஆனது. அப்போ பணக்காரங்க மட்டும் வாங்கின வண்டி. இப்போ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட்ல விலை இறங்கி, லீவு நாள்ல வீட்டு கராஜில் ஸ்பேனர் பிடிக்கிற ஆட்கள் கைக்கு வந்திருக்கு. கார் விலைதான் இறங்கிச்சு, ஸ்பேர் பார்ட் விலை இறங்கல. அதனால பல பேர் தாங்களே வேலை கத்துக்கறாங்க. முன்னாடியே சொல்லிடறேன், நான் இந்தக் காரை ஓட்டினது இல்ல. ஆனா மெட்டீரியல் சயின்ஸ், ஹைட்ராலிக்ஸ், ஃபால்ட் ஃபைண்டிங் மூணையும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல கேஸ் எனக்குக் கிடைக்கல.

ஒரு ஸ்விட்சை இழுத்துப் பிடிச்சா போதும், இந்தக் காரோட கூரை தானா மடங்கும். பின்னாடி மூடி திறக்கும், துணிக் கூரை எழும்பி மடங்கி உள்ள போகும், மூடி மறுபடி மூடிக்கும். எல்லாம் ஏறக்குறைய அரை நிமிஷத்துல. டிக்கியில இருக்கற எலெக்ட்ரிக் பம்ப் எண்ணெயை அழுத்துது, சோலினாய்டு வால்வுகள் அதை எந்த சிலிண்டருக்கு அனுப்பணும்னு வழி மாத்துது. பத்துக்கும் மேற்பட்ட சிலிண்டர்கள். ஒவ்வொரு ஸ்டெப்பும் முடிஞ்சதான்னு லிமிட் ஸ்விட்ச் சொன்னாதான் அடுத்த ஸ்டெப். கூரையைப் பூட்டுற ரெண்டு சிலிண்டர் முன் கண்ணாடிக்கு மேல இருக்கற ஃப்ரேமுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நெத்தியில சொட்டினது அதிலிருந்துதான்.

கழட்டிப் பார்த்தா சிலிண்டரோட ஸ்டீல் உடம்பு நல்லாவே இருக்கும், ராடும் பளபளன்னு இருக்கும். போனது உள்ள இருக்கற சின்ன சீல். வீட்டுல பிரஷர் குக்கர் கேஸ்கெட்டைப் பாருங்க. தினமும் சமைச்சாலும் சரி, பரண்ல தூக்கிப் போட்டாலும் சரி, சில வருஷத்துல அது பழைய கேஸ்கெட் ஆயிடும். ஆனா எல்லா பாலிமரும் ஒரே மாதிரி கெடாது. நைட்ரைல் ரப்பர் வெப்பத்திலும் ஆக்சிஜனிலும் கூடுதலா கிராஸ்லிங்க் ஆகி விறைச்சுப் போகும். எஸ்டர் வகை பாலியூரித்தேன் இதுக்கு நேர் எதிர். ஈரப்பதம் அதோட செயினை வெட்டிக்கிட்டே இருக்கும், கடைசியில கையில ஒட்டற பசையாகவோ உதிர்ற துகளாகவோ ஆகும். இதுதான் ஹைட்ராலிசிஸ். கெமிஸ்ட்ரி பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்தோமே, அதே ஹைட்ராலிசிஸ்.

இதெல்லாம் ஓடோமீட்டர்ல தெரியாது. அதனால "கம்மி கிலோமீட்டர், ஷெட்லயே நின்னுச்சு"ன்னு விளம்பரம் பார்த்தா சந்தோஷப்படாதீங்க. இருபது வருஷம் நின்ன வண்டியைவிட, மாசாமாசம் ஓடி, கெட்டதை அப்பப்போ மாத்தி, பில்லையும் பத்திரமா வச்சிருக்கற வண்டி மேல். என் காசா இருந்தா அதைத்தான் வாங்குவேன்.

ரிப்பேருக்கு வருவோம். முழு சிலிண்டரையே புதுசா மாத்தினா செலவு எகிறும். அதனால பல பேர் சிலிண்டரை மட்டும் கழட்டி, சீல் மாத்தித் தர்ற ஸ்பெஷலிஸ்டுக்கு பார்சல் அனுப்பறாங்க. ஒண்ணு ஒழுகினா மத்ததும் அதே வயசுதான், எல்லாத்தையும் சேர்த்தே அனுப்பறது புத்திசாலித்தனம். இல்லன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உள் அலங்காரத்தைப் பிரிச்சுக்கிட்டே இருக்கணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஹோஸுக்கும் டேக் கட்டி ஃபோட்டோ எடுங்க. ரெண்டு ஹோஸ் மாறினா கூரை மடங்க வேண்டிய நேரத்துல விரியும்.

இங்க ஆபத்தும் இருக்கு. கூரை பாதியில நிக்கும்போது அதைத் தாங்கறது எண்ணெயோட பிரஷர் மட்டும்தான். ஹோஸைக் கழட்டின உடனே ஃப்ரேம் கீழ இறங்கும், நடுவுல உங்க விரல் இருக்கும். முதல்ல கட்டை வச்சு முட்டுக் கொடுங்க. சீட்டுக்குப் பின்னாடி இருக்கற ரோல் பாரும் அப்படித்தான். வண்டி கவிழப் போகுதுன்னு சென்சார் நினைச்சா 0.3 வினாடியில மேல வந்துடும். அது வர்ற பாதையில தலையை நீட்டி வேலை பார்க்காதீங்க.

இன்னொரு தப்பு, எண்ணெய் குறைஞ்சதுன்னு கையில கிடைச்ச பிரேக் ஃப்ளூயிடை ஊத்தறது. இந்த சிஸ்டத்துக்கு மினரல் ஹைட்ராலிக் ஆயில். பிரேக் ஃப்ளூயிட் கிளைக்கால் வகை. மினரல் ஆயிலுக்குன்னு செஞ்ச சீல் அதுல கெட்டுப் போகும், அப்புறம் ஒழுகறது ஒரு சிலிண்டர் மட்டுமா இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வயரிங். 1993-95 வாக்கில் வந்த இன்ஜின்களோட வயரிங் ஹார்னஸில், இன்சுலேஷன் இன்ஜின் சூட்டுல காய்ஞ்சு பிஸ்கட் மாதிரி உதிரும். ஐடிலிங் ஏறி இறங்கும், இன்ஜின் மிஸ் ஆகும். மெக்கானிக் த்ராட்டில் ஆக்சுவேட்டர் போச்சுன்னு நினைச்சு அதை மட்டும் மாத்துவார். கொஞ்ச நாள்ல பழைய கதை திரும்பும், ஏன்னா காப்பர் வயர் ரெண்டும் இன்னும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு இருக்கு. ஷார்ட் ஆனா கன்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்து போகலாம். ஹார்னஸை மாத்தினா மட்டும் முடிஞ்சதுன்னும் சொல்ல முடியாது, அந்த ஆக்சுவேட்டருக்குள்ள ஓடற வயருக்கும் இதே வியாதி. ஹார்னஸோட உறையை ஒரு ஓரத்துல லேசா விலக்கி வயரை மெதுவா வளைச்சுப் பார்க்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும். பார்ட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அதைப் பண்ணணும்.

500 எஸ்எல்-ல வர்ற 5 லிட்டர் வி8 இன்ஜினிலும் இதே மாதிரி ஒண்ணு. மேல டிக் டிக்னு சத்தம் வந்தா எல்லாரும் ஹைட்ராலிக் லிஃப்டரைத்தான் சந்தேகப்படுவாங்க. பல சமயம் குற்றவாளி, கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் கொண்டு போற குழாயோட முனையில இருக்கற பிளாஸ்டிக் இணைப்பு. அங்கேயும் பிளாஸ்டிக்தான்!

கூரை, சத்தம் எல்லாம் அப்புறம். இப்படி நின்ன காரை வாங்கினா முதல் வேலை பிரேக். டாட் 4 ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாதுன்னு தரக்கட்டுப்பாடு. அதே ஃப்ளூயிட் 3.7 சதவீதம் தண்ணியை உறிஞ்சிட்டா அந்த அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்துல பிரேக் சூடாகி ஃப்ளூயிட் கொதிச்சா நீராவிக் குமிழி வரும். நீராவி அமுங்கும், அதனால பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளூயிட் மாத்துங்க, ரப்பர் பிரேக் ஹோஸையும் வளைச்சு வெடிப்பு இருக்கான்னு பாருங்க.

அடுத்தது டயர். பட்டன் முழுசா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகியிருக்கும். இதைச் சோதிக்க மெர்சிடிஸ் தேவையில்ல, ஹாஸ்டல் வாசல்ல நிக்கற உங்க பைக் போதும். டயரோட பக்கவாட்டுல தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2316-ன்னு இருந்தா 2016-ஆம் வருஷத்தோட 23-வது வாரம். உங்களுது என்ன நம்பர்?