மாதம் பார்த்துச் செய்யும் கைவேலைகள்

பண்டிகைக்கு முந்தின நாள் கடைத்தெருவுக்குப் போனால் பிளாஸ்டிக் மாவிலை, ஸ்டிக்கர் கோலம், ஜிகினா ஒட்டிய அகல் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். ஆனால் வீட்டில் செய்து வைத்ததன் அழகு வேறு. அதற்குப் பெரிய ஓவியத் திறமை வேண்டாம், மாதம் பார்க்கத் தெரிந்தால் போதும். எப்போது என்ன இலை, என்ன பூ, என்ன மண் கிடைக்கும், எப்போது வெயில் நின்று காயும், எப்போது ஈரம் போகவே போகாது என்று பார்த்து வேலையை வைத்துக்கொண்டால் பெயிண்ட் உரிவதும் பொம்மை வெடிப்பதும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆடியில் தொடங்கிச் சித்திரை வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆடிக்காற்றில் திறந்தவெளியில் பெயிண்ட் வேலை வேண்டாம். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டினால் பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இது வெட்டி ஒட்டும் வேலைகளுக்கான மாதம். காவிரிக்கரை ஊர்களில் ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, நான்கு பாட்டில் மூடி, இரண்டு மூங்கில் குச்சி இருந்தால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். குச்சியை அட்டையில் நேராக ஒட்டினால் சக்கரம் சுற்றாது. ஜூஸ் குடிக்கும் ஸ்டிராவைப் பெட்டிக்கு அடியில் குறுக்காக ஒட்டி, அதற்குள் குச்சியை நுழைத்து, இரண்டு முனையிலும் மூடியைப் பொருத்துங்கள். சப்பரம் தடையில்லாமல் ஓடும்.

2. காகித வேலைக்கு மைதாப் பசையே போதும். ஒரு பங்கு மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வருகிற மாதிரி சேர்த்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறுங்கள். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க இதில் துளி மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். துத்தம் விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது வேண்டாம், தேவைக்குத் தக்கபடி புதிதாகக் கிண்டிக்கொள்ளலாம்.

3. ஆவணி பிறந்தால் மாக்கோலத்துக்கு வேலை வந்துவிடும். ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல் அரையுங்கள். ஒரு திப்பி இருந்தாலும் இழை அறுந்துபோகும். பால் பதத்துக்குக் கரைத்து, பழைய பருத்தி வேட்டியில் மூன்று விரல் அகலத் துண்டை நனைத்து உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் துணியை மெல்ல அழுத்த, மாவு மோதிர விரல் வழியாக வழிந்து இறங்கும். போடும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். தெரியவில்லையே என்று அதன்மேல் இன்னொரு தடவை இழுக்காதீர்கள், காயக் காய அதுவே வெளுத்து எழும்பி வரும். வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுற்றிலும் செம்மண் இட வேண்டும். காவிக்கட்டியை ஊறவைத்துக் கரைத்து, கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் சோற்றுக்கஞ்சி சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளைக்கு ஒரு துணி, காவிக்கு ஒரு துணி.

4. கிருஷ்ண ஜயந்திக்குக் கண்ணன் பாதம் வைக்க அச்சு வாங்க வேண்டியதில்லை. கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் பதியுங்கள். குழந்தையின் உள்ளங்கால் அப்படியே விழும், குழிவு உட்பட. அதன் முன்னால் கட்டைவிரல் நுனியால் பெருவிரலை வைத்து, ஆள்காட்டி விரலால் மற்ற நான்கையும் சின்னதாகிக்கொண்டே போகிற மாதிரி வையுங்கள். வலது கையில் வலது பாதம், இடது கையில் இடது பாதம். பாதங்கள் வாசலிலிருந்து பூஜை இடத்தை நோக்கி வர வேண்டும் என்பதால், பூஜை இடத்தில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வாசலில் முடியுங்கள். போட்டதை மிதிக்க நேராது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மாவைத் தொட்டு அதன் காலையே பதித்துவிடுங்கள், அதைவிட அழகு இல்லை.

5. பிள்ளையாரைக் களிமண்ணில் நீங்களே பிடிப்பதென்றால் சதுர்த்திக்கு நாலைந்து நாள் முன்பே பிடித்துவிடுங்கள். கை, தும்பிக்கை, காது இவற்றை ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி ஒட்டினால் காய்ந்த பிறகு கழன்று விழாது. வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக்கொண்டு காய்ந்து வெடிக்கும். முதல் நாள் ஈரத்துணி போர்த்தி, பிறகு நிழலில் காயவிடுங்கள். நிறம் வேண்டுமானால் காவியும் மஞ்சளும் போதும், தண்ணீரில் கரைத்தால் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். எனாமல் பெயிண்ட் அடித்த பிள்ளையாரைக் குளத்தில் விடுவது குளத்துக்குச் செய்கிற துரோகம்.

6. பிள்ளையார் குடைக்கு வண்ணக் காகிதத்தை வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரே ஒரு கீறல் போட்டு, இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் கூம்பு வந்துவிடும். எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு சரிவு.

7. கண்ணுக்குக் குன்றிமணி பதிக்கிற வழக்கம் அழகானது. ஆனால் அந்த விதைக்குள் கொடிய விஷம் இருக்கிறது. பூஜை முடிந்ததும் எண்ணிப் பார்த்து எடுத்துவிடுங்கள், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் மிளகே போதும்.

8. புரட்டாசியில் கொலுப்பெட்டியைத் திறக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. பழைய பொம்மைகளில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் வண்ணம், மூக்கும் முழியும் துணியோடு வந்துவிடும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும். பண்ருட்டிப் பக்கமும் மதுரை விளாச்சேரியிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்து வண்ணம் தீட்டிய பொம்மைகள் அவை. முழுசாக அடித்துப் புதுப்பிக்காமல், உதிர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்வதுதான் அவற்றுக்கு மரியாதை.

விரலோ கிரீடமோ உடைந்திருந்தால் செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, ஃபெவிகாலோடு பிசைந்து அந்த இடத்தில் பிடித்து வையுங்கள். இரண்டு நாள் காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் பூசலாம். சேலை நிறத்துக்குப் பொருத்தமாகக் கலக்கும்போது காய்ந்த பிறகு ஒரு மாற்று அடர்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, கொஞ்சம் வெளிறிய நிறமாகவே கலந்துகொள்ளுங்கள்.

கண் எழுதுவதைக் கடைசிக்கு வையுங்கள், பொம்மைக் கலைஞர்களும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். முதலில் வெள்ளை, அது காய்ந்த பிறகு கருவிழி, அப்புறம் இமைக்கோடு. சைபர் நம்பர் பிரஷ்ஷில் வண்ணம் குறைவாகத் தொட்டு, சுண்டுவிரலைப் பொம்மையின் கன்னத்தில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போனால் இரண்டும் ஒத்துவராது. இடது கண்ணில் ஒரு கோடு, உடனே வலது கண்ணில் அதே கோடு என்று மாறி மாறிப் போங்கள்.

9. கொலு எடுத்து வைக்கும்போது பொம்மையை நேராகச் செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். முதலில் பழைய பருத்தித் துணி, அதன்மேல் காகிதம். பெட்டியின் மூலையில் வசம்புத் துண்டுகளை முடிந்து போடுங்கள். கனமான பொம்மை அடியில்.

10. கொலுப் பூங்காவின் புல்தரைக்குக் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஆழமில்லாத தட்டில் ஈரமண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். ஒரு வாரம் முன்பு தூவினால் சரியாக இருக்கும். கடுகும் வெந்தயமும் விதைத்தால் புதர் மாதிரி வரும்.

11. ஐப்பசி அடைமழையில் எனாமல் வேலையைத் தள்ளிப்போடுங்கள். அவசரமென்றால் அக்ரிலிக், அதுவும் மெல்லிசாக இரண்டு பூச்சு. கனமாக ஒரே பூச்சு அடித்தால் மேலே ஏடு கட்டி உள்ளே ஈரம் நிற்கும். அக்ரிலிக் தொட்ட பிரஷ்ஷை உடனே சோப்புத் தண்ணீரிலும், எனாமல் தொட்டதை டர்பன்டைனிலும் கழுவி, மயிர் மேலே பார்க்க நிறுத்துங்கள்.

12. கார்த்திகை அகலுக்கு வண்ணம் தீட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. சுட்ட மண் எண்ணெயை உறிஞ்சும், உறிஞ்சிய எண்ணெய் வெளிப்புறம் கசிந்து பெயிண்டைத் தூக்கிவிடும். அதனால் புது அகலை முதலில் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெயில் கிடைக்கிற நாளில் நன்றாகக் காயவைத்து, வெளிப்புறத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டுங்கள். உட்புறம், விளிம்பு, திரி படுகிற மூக்கு ஆகிய இடங்களில் பெயிண்டோ வார்னிஷோ படவே கூடாது, அது தீப்பிடிக்கும். எனக்குப் பிடித்த வழி, பெரிய அகல் ஒன்றை அலங்கரித்து அதற்குள் எண்ணெய் ஊற்றிய சாதாரணச் சின்ன அகலை வைப்பது. தீட்டியது வருஷக்கணக்கில் இருக்கும். ஏற்கெனவே எண்ணெய் குடித்த பழைய அகலில் எந்த வண்ணமும் நிற்காது, அவற்றை வெந்நீரில் சோடா உப்புப் போட்டுக் கழுவி வெறுமனே ஏற்றுவதே லட்சணம்.

13. கிறிஸ்துமஸ் குடிலின் மலைக்குப் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி விரித்து, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று பழைய பல்துலக்கியால் தெளியுங்கள். மடிப்புகளில் நிறம் தங்கிப் பாறை போலவே இருக்கும். புல்லுக்கு அதே கேழ்வரகுத் தட்டு, நெல்லும் முளைக்கப் போடலாம். மூங்கில் சிம்பில் கட்டிப் பட்டக் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்துக்குள் சூடேறாத எல்இடி விளக்கு மட்டும் வையுங்கள்.

14. மார்கழிக் கோலத்தின் சாணப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ பறிக்கும்போது ஆண் பூவாகப் பாருங்கள். நீண்டு மெலிந்த காம்பில் நிற்பது ஆண். அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண், அதைக் கொடியில் விட்டுவிடுங்கள். ஆண் பூவிலும் மகரந்தத்துக்குச் சிலவற்றை மிச்சம் வையுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்தப் பூக்களை வரட்டியாகத் தட்டிச் சேர்த்து, தை மாதச் சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் ஆற்றில் விடுவார்கள். முற்றத்தில் அவர்களுக்கென்று மண்ணால் கட்டுகிற சிறுவீடு இருக்கிறதே, நம் ஊரில் குழந்தைகளுக்கான கைவேலையில் அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. மாடி வீட்டில் இருப்பவர்களும் ஒரு பெரிய தட்டில் களிமண் சுவர் எழுப்பி, காவிக்கரை இட்டு, மாக்கோலம் போட்டுச் செய்யலாம்.

15. கொங்குப் பக்கம் மார்கழி கடைசி நாளில் காப்புக் கட்டுவார்கள். சிறுபீளை, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாக முடிந்து கூரை ஓரத்தில் செருகுவது. பூளைப்பூ, கூரைப்பூ என்றெல்லாம் சொல்வது இந்தச் சிறுபீளையைத்தான். பஞ்சு போன்ற அதன் வெள்ளைக் கதிர் காய்ந்தாலும் வடிவம் மாறாது. கூடுதலாக ஒரு கட்டு வாங்கி, தலைகீழாக நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தால் பல மாதம் பூச்சாடியில் வைக்கலாம்.

16. பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றுவதானால் பெயிண்ட் வேண்டாம். சூட்டில் கருகி நாறும், புகையும் கெடுதல். கழுத்தைச் சுற்றி மாக்கோலமும் செம்மண்ணும் மஞ்சள்கொத்தும் போதும். கடையில் விற்கும் பெயிண்ட் பானை பார்வைக்கு மட்டும்.

17. வாசல் தோரணத்துக்கு முற்றின மாவிலையாகப் பாருங்கள், துளிர் மதியத்துக்குள் வாடிவிடும். காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்குச்சியால் தைத்தால் இலை நழுவாது. தென்னங்குருத்தை அன்றைக்கே வெட்டி, பின்னுகிறவரை ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள்.

18. மாசி, பங்குனி வெயில்தான் எனாமலுக்கு ஏற்றது. சிமெண்டு வாசலில் நிரந்தரக் கோலம் போடுவதானால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, சாக்பீஸால் வரைந்துகொண்டு பூசுங்கள். முழுப்பரப்பையும் அடிக்காமல் கோடுகளாகவே விடுங்கள், பரந்த எனாமல் மழை நாளில் வழுக்கும். மணைக்கும் இதே காலம்தான். உப்புத்தாள் 120, பிறகு 220, துடைத்து ஒரு பிரைமர், அதன்மேல் காவி நிறம், காய்ந்ததும் வெள்ளை இழை.

19. சித்திரையில் குடிதண்ணீர்ப் பானைக்கு மட்டும் தயவுசெய்து வண்ணம் அடிக்காதீர்கள். மண்ணின் நுண்துளைகள் வழியே கசிகிற நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. பெயிண்ட் அந்தத் துளையை அடைத்துவிட்டால் பானை பானையாகவே இருக்கும், தண்ணீர் குளிராது. ஆசையாக இருந்தால் பானைக்கு அடியில் வைக்கிற மரமுக்காலிக்கும் மூடித்தட்டின் மேல்பக்கத்துக்கும் தீட்டுங்கள்.

20. பனையோலை விசிறியில் வண்ணம் தீட்டும் முன் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் ஓலை சமனாகிவிடும். அக்ரிலிக்கைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல், ஓலையின் நரம்பு போகிற போக்கிலேயே இழுங்கள், குறுக்கே இழுத்தால் கோடு பிசிறும். ஒரு பக்கம் காய்ந்த பிறகு மறுபக்கம். விளிம்புக்குப் பழைய பட்டுப்புடவைக் கரையை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, இரண்டாக மடித்து, ஓலையைக் கவ்வுகிற மாதிரி நூலோட்டம் போட்டுவிடுங்கள். ஓலை பிளக்காது, கைக்கும் குத்தாது.