போஸ்ட்மார்ட்டமும் ஜனாஸா அடக்கமும்



நள்ளிரவில் நமக்கு வரும் அழைப்புகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "செயலாளர் பாய், மய்யித்தை அறுக்காம வாங்கித் தர முடியுமா?" கேட்பவரின் வேதனை நமக்குப் புரிகிறது. மய்யித்தின் கண்ணியத்தையும் அடக்கத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதையும் மதரஸாவில் ஓதியவர்கள்தாம் நாமும். ஆனாலும் இதில் சட்டம் என்ன, மார்க்கம் என்ன என்பதை இழப்பு வருமுன் அறிந்துகொள்வது நல்லது.

விபத்து, தற்கொலை, கொலை, சந்தேக மரணம் என்றால் விசாரணை காவல்துறையின் கடமை. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் வருகிறது. மரணக் காரணத்தில் ஐயம் இருந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்" என்பது தவறான நம்பிக்கை. எனவே அரசு மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடிச் சத்தம் போடுவதால் நேரம்தான் வீணாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிச் சகோதரர் ஒருவர் நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது அடிபட்டார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் ஒன்பதாம் நாள் வீட்டிலேயே வஃபாத்தானார். யாருக்கும் தகவல் சொல்லாமல் அஸருக்கு முன் அடக்கம் செய்தோம். அவசரப்படுத்தியவர்களில் நாமும் இருந்தோம். பிறகு இழப்பீடு வழக்கில், விபத்துக் காயத்தால்தான் மரணம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று இன்சூரன்ஸ் தரப்பில் கேட்டபோது காட்ட ஒரு தாள்கூட இல்லை. கபுரைத் தோண்டிப் பரிசோதிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். அந்தப் பெண் அதற்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுடன் இன்றும் தையல் மெஷினை நம்பி வாழ்கிறார்.

மார்க்கத் தீர்ப்பும் இதற்கு எதிராக இல்லை. மக்காவின் ஃபிக்ஹு சபை 1987இல் கூடியபோது, குற்ற விசாரணையில் மரணக் காரணத்தை அறியத் தேவைப்பட்டால் பரிசோதனை கூடும் என்று முடிவு செய்தது. தேவையின் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. பெண் மய்யித்தாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அறுக்காமலே பார்க்கும் வழியும் வளர்ந்து வருகிறது. டெல்லி எய்ம்ஸில் 2021 மார்ச்சில் சி.டி. ஸ்கேன் மூலம் உடலைப் பரிசோதிக்கும் மையம் திறக்கப்பட்டது. மெல்போர்ன் நகரத் தடயவியல் மருத்துவ நிறுவனத்தில் 2005 முதலே ஸ்கேன் எடுக்கிறார்கள். எலும்பு முறிவும் உள் இரத்தக் கசிவும் இதில் தெரியும். விஷம் போன்றவற்றுக்கு மாதிரி எடுத்தே ஆகவேண்டும். எல்லா மரணத்துக்கும் ஸ்கேன் போதாது. என்றாலும் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் இப்படி ஒரு மையம் வந்தால் எல்லாச் சமூகத்தாருக்கும் ஆறுதல். ஜமாஅத்துகள் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்பது நம் எண்ணம்.

மாலை ஆகிவிட்டால் மறுநாள்தான் என்பதும் இப்போது முழு உண்மையல்ல. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் செய்யலாம் என்றது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்குப் பொதுவாக இது பொருந்தாது. விபத்து மரணம் என்றால் பணியில் உள்ள மருத்துவரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

குளிப்பாட்டுவோர் கவனத்திற்கு: தையல் உள்ள இடத்தைத் தேய்க்காமல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றவும். கசிவு இருந்தால் பஞ்சு வைத்துக் கட்டி, பிறகு கஃபனிடவும். உடல் தண்ணீர் தாங்காது என்றால் தயம்மும் போதும். இமாமிடம் கேட்டுச் செய்யுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து மய்யித்தைக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும்.