விழாவில் ஓர் ஒளிப்பட அறை

பள்ளிக் கலைவிழா என்பது மேடையில் ஆடுவோருக்கும் பாடுவோருக்கும் மட்டும் உரியதன்று. காண வருவோரும் பங்கேற்கும் காட்சிகள் அதற்கு அழகு சேர்க்கும். அவற்றுள் ஒன்று ஒளிப்பட அறை. அங்கே படம் எடுப்பவர் எவரும் இலர். அமர்பவரே பொத்தானை அழுத்தித் தம் படத்தை எடுத்துக்கொள்வார்.

இவ்வகை அறை ஒன்றை, சைபீரியாவில் பிறந்த அனடோல் ஜோசபோ 1925ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில் நிறுவினார். திரைக்குப் பின் அமர்ந்து 25 சென்ட் செலுத்தினால், ஏறத்தாழ 8 நிமிடங்களில் 8 படங்கள் கொண்ட தாள்கீற்று வெளிவரும். படச்சுருள் இன்றித் தாளிலேயே நேராகப் படம் பதிந்ததால், அக்கீற்றுக்கு வேறு படி இல்லை. எடுத்தவர் கையிலேயே அவர் முகம் தங்கியது.

தமிழகத்தின் பழைய ஒளிப்பட நிலையங்களில் வண்ணம் தீட்டிய பின்திரைகள் இருந்தன. மாளிகையும் பூங்காவும் தீட்டிய திரைமுன் எளிய குடும்பங்களும் நின்று படம் எடுத்துக்கொண்டன. அப்படங்கள் பலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது.

கரமனையில் வாழும் தமிழ்க் குழந்தைகள் இத்தகைய அறையை அமைத்தால் எப்பின்திரை பொருந்தும்? கரமனையாறு அகத்தியமலைத் தொடரில் தோன்றி, மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. அம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தோன்றும் தாமிரபரணி, திருநெல்வேலியை வளப்படுத்துகிறது. ஒரே மலையின் இரு பிள்ளைகள் இவ்வாறுகள்! ஒரு திரையில் கரமனையாற்றையும், மற்றொன்றில் தாமிரபரணியையும் தீட்டலாம். எதன்முன் அமர்வது என்பதை அமர்பவரே முடிவு செய்வார். இரண்டுக்கும் நடுவில் அமர விரும்புவோரும் இருப்பர்.

அமைக்கும் முறை எளிது. பின்திரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கையை இட்டால், திரையில் நிழல் விழுவது குறையும். இருபுறமும் விளக்கு வைத்து, அவற்றின்முன் வெண்துணி கட்டினால் ஒளி மென்மையாகப் பரவும். படக்கருவி, அமர்பவரின் கண் உயரத்தில் இருத்தல் வேண்டும். சிறுவர்க்கும் சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் ஏற்ப அதனை இறக்கவும் ஏற்றவும் வழி வேண்டும். பொத்தானை அழுத்தியதும் சிறு கணினி, "மூன்று, இரண்டு, ஒன்று" எனத் தமிழில் எண்ணிப் படம் எடுக்கும். பின்னர் அப்படத்தைத் திரையில் காட்டும்.

இங்குதான் இரண்டாவது பொத்தான் தேவைப்படுகிறது. பழைய அறையில் படி தங்கவில்லை. இன்றைய கணினியிலோ ஒவ்வொரு முகமும் தங்கிவிடுகிறது. அதனை எவரும் எங்கும் அனுப்ப இயலும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆதலால் ஒரு பொத்தான் 'அச்சிடுக' என்றால், மற்றொன்று 'அழித்திடுக' என்றல் வேண்டும். விழா முடிந்த அன்றே எஞ்சிய படங்களையும் நீக்கிவிடுதல் நன்று. முகம் அமர்பவருடையது, அறை அமைத்தவருடையது அன்று.

சொற்பொருள்
தாள்கீற்று – நீண்ட சிறு தாள்துண்டு
படி – நகல்
எண்ணிம – கணினி எண்களால் ஆன
இசைவு – ஒப்புதல்

பிரித்து எழுதுக
1. ஒளிப்படம்  2. அம்மலை  3. இவ்வாறுகள்

விடையளிக்க
1. ஜோசபோவின் அறையில் எடுத்த படத்திற்கு ஏன் வேறு படி இல்லை?
2. கரமனையாற்றுக்கும் தாமிரபரணிக்கும் உள்ள உறவு யாது?
3. 'அழித்திடுக' என்னும் பொத்தான் இல்லாவிடில் என்ன நேரக்கூடும்?

செயல்பாடு
வீட்டில் உள்ள பழைய குடும்பப் படம் ஒன்றைப் பெரியோரிடம் கேட்டுப் பெறுக. அது எவ்வூரில், எப்போது எடுக்கப்பட்டது எனக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக. வகுப்பில் அதனைக் காட்டுமுன், படத்தில் இருப்போரின் இசைவைப் பெறுக.