புக்ல இல்லாத யானை: எக்ஸாமுக்குப் படிக்க நான் கத்துக்கிட்ட நாலு விஷயம்

செமஸ்டர் நெருங்கிடுச்சு. "எப்படிப் படிக்கிறது"ன்னு ஆயிரம் வீடியோ இருக்கு, அதனால இது இன்னொரு டிப்ஸ் கட்டுரை இல்லை. ஒரு மலையடிவார கிராமத்துல ஏழாம் வகுப்புப் பசங்களுக்கு விலங்குகள் பாடம் எடுக்கப் போய், ரெண்டு தடவை ஃபெயில் ஆன என் அரியர் பேப்பரை மூணாவது தடவை எப்படி எழுதணும்னு புரிஞ்சுக்கிட்ட கதை. நான் ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

மூணாவது வருஷம் என்.எஸ்.எஸ். கேம்ப் முடிஞ்ச பிறகும் நாங்க நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலம் அந்த ஊருக்கு டியூஷன் எடுக்கப் போனோம். முதல் வகுப்புக்கு சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரைன்னு கலர் பிரின்ட் எடுத்துட்டுப் போனேன். பசங்க சத்தமாப் பேர் சொன்னாங்க, கை தட்டினாங்க. அடுத்த வாரம் கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லை.

அப்போ ஒரு பையன் தன் அரையாண்டு விடைத்தாளைக் காட்டினான். "யானை பற்றி ஐந்து வரிகள் எழுதுக." அஞ்சுக்கு ஒண்ணு. "யானை பெரிய விலங்கு"ன்னு மட்டும் எழுதியிருந்தான். "உனக்கு யானையைப் பத்தி வேற எதுவுமே தெரியாதாடா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், பத்து நிமிஷம் நிறுத்தவே இல்லை. பலா பழுக்கிற சீசன்ல வாசனைக்கே இறங்கி வருமாம். பெரிய பொம்பளை யானைதான் முன்னாடி வருமாம். குட்டி எப்பவும் நடுவுல. வருஷா வருஷம் அதே தடத்துலதான் நடக்குமாம். விடியறதுக்கு முன்னாடி தோட்டத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு அவங்க அப்பா சொல்லியிருக்காராம்.

"இதையெல்லாம் ஏன்டா எழுதல?"

"அது புக்ல இல்லையே அண்ணா."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா என் நிலைமை அப்படியே தலைகீழ். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்ல கன்வல்யூஷன் ஃபார்முலா புக்ல எந்தப் பக்கத்துல, எந்த மூலையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியும். அது என்னன்னு கேட்டா வாய் வராது. அவன்கிட்ட விஷயம் இருந்தது, பேப்பருக்கு வரலை. என்கிட்ட பேப்பர் இருந்தது, விஷயம் இல்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கீழே இருக்கிற நாலையும் கத்துக்கிட்டேன்.

1. தெரிஞ்சதுல இருந்து ஆரம்பிங்க

அடுத்த வாரம் பிரின்ட்டை வீட்டுலயே வச்சுட்டேன். அவன் சொன்னதையே போர்டுல எழுதி, பக்கத்துல பரீட்சைத் தமிழ்ல மாத்தினோம். "பெரிய பொம்பளை யானைதான் முன்னாடி வரும்" என்பது "வயதில் மூத்த பெண் யானை கூட்டத்தை வழிநடத்தும்" என்று ஆனது. "வாழை, பலா, புல்லு எல்லாம் தின்னும்" என்பது "யானை ஒரு தாவர உண்ணி, ஒரு நாளைக்கு 150 கிலோ வரை உணவு உண்ணும்" என்று ஆனது. அஞ்சு வரி பத்து நிமிஷத்துல வந்துடுச்சு.

நானும் இதையே செஞ்சு பார்த்தேன். காலி ஹால்ல ஒரு தடவை கை தட்டினா கொஞ்ச நேரம் எதிரொலி கேட்கும். விடாம தட்டினா ஒவ்வொரு தட்டலோட எதிரொலியும் ஒண்ணு மேல ஒண்ணு சேரும். மொத்தமா காதுல விழறதுதான் அவுட்புட். கன்வல்யூஷன் அவ்வளவுதான். இது புரிஞ்ச பிறகு ஃபார்முலாவை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே வரலை.

2. ஜோடி சேர்த்துப் படிங்க

தனித்தனியாப் படிச்சா குழம்பும் விஷயங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சா தெளிவாகும். நான் அதுவரைக்கும் லெப்பர்ட், சீட்டா ரெண்டையும் தமிழ்ல "சிறுத்தை"ன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். லெப்பர்டுதான் சிறுத்தை, சீட்டாவுக்கு சிவிங்கின்னு தனிப் பேரே இருக்கு. பசங்களோட சேர்ந்து பட்டியல் போட்டோம்:

சிறுத்தை: உடம்புல பூ மாதிரி வளையப் புள்ளிகள். உறுமும். இரையைத் தூக்கிட்டு மரம் ஏறும். நம்ம மலைக்காடுகள்ல இன்னைக்கும் இருக்கு.

சிவிங்கி: கெட்டியான கறுப்புப் பொட்டுகள். கண்ணுல இருந்து வாய் வரைக்கும் கண்ணீர்க் கோடு மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கர்ஜிக்காது. இந்தியாவுல அழிஞ்சுடுச்சுன்னு 1952ல அறிவிச்சாங்க. 2022 செப்டம்பர்ல நமீபியாவுல இருந்து 8 சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்துல இருக்கிற குனோவுக்குக் கொண்டுவந்தாங்க.

அதே மாதிரி புள்ளிமானும் வெளிமானும். புள்ளிமான் கொம்பு கிளை கிளையா இருக்கும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான் கொம்பு முறுக்கின மாதிரி இருக்கும், கிளைக்காது, விழாது. பேர்ல மான் இருந்தாலும் அது இரலை இனம். கிண்டி தேசியப் பூங்காவுல ரெண்டையுமே பார்க்கலாம்.

நம்ம பாடத்துலயும் ஜோடிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஃபோரியர் – லாப்லாஸ், ஏ.எம். – எஃப்.எம்., மீலி – மூர். ரெண்டு மார்க் கேள்வியில பாதி இங்கேயிருந்துதான் வருது.

3. "ஏன்?"னு ஒரு தடவையாவது கேளுங்க

"யானைக்குக் காது பெரியது" என்பது ஒரு வரி. ஏன் பெரிசு? காது மெல்லிசு, பரப்பு அதிகம், உள்ளே நிறைய ரத்தக் குழாய்கள். காதை ஆட்டும்போது ரத்தம் குளிர்ந்து உடம்புச் சூடு குறையும். நம்ம லேப்டாப்புக்குள்ள இருக்கிற ஹீட் சிங்க் செய்யற வேலைதான். ஆப்பிரிக்க யானைக்கு நம்ம ஆசிய யானையைவிடக் காது பெரிசு. சிவிங்கியோட நகம் முழுசா உள்ளே போகாது. ஓடும்போது ஸ்பைக்ஸ் ஷூ மாதிரி தரையைப் பிடிக்கும். நீளமான வால் திரும்பும்போது பேலன்ஸ் கொடுக்கும்.

பேருக்கும் "ஏன்" கேட்கலாம். நம்ம மாநில விலங்கு வரையாடு. வரைன்னா மலை. மலையில வாழற ஆடு, அதனால வரையாடு. இதை எனக்குச் சொன்னது ஒரு ஆறாம் வகுப்புப் பொண்ணு. பன்னிரண்டு வருஷம் நீல்கிரி தார்னு மட்டுமே படிச்சிருந்த எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு.

காரணம் தெரிஞ்ச விஷயம் சீக்கிரம் மறக்காது. மறந்தாலும் யோசிச்சு மறுபடி கொண்டுவந்துடலாம்.

4. புக்கை மூடுங்க, இடைவெளி விடுங்க

இதுதான் முக்கியம். ஹைலைட்டர் போட்டு நாலு தடவை படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். ஆனா அது தெரிஞ்ச மாதிரிதான். 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வச்சு இதைச் சோதிச்சாங்க. ஒரு பத்தியைச் சிலர் திரும்பத் திரும்பப் படிச்சாங்க. சிலர் படிச்சுட்டு, பார்க்காம எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல எழுதிப் பார்த்தவங்க முன்னாடி. எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி நமக்கு வர்ற தைரியம் எங்கேயிருந்து வருதுன்னு இப்போ புரியுதா?

பசங்களுக்கு ஒரு ஷூ டப்பாவை மூணு தடுப்பாப் பிரிச்சுக் கொடுத்தேன். செபாஸ்டியன் லைட்னர் 1970கள்ல பிரபலமாக்கின முறை இது. சின்னச் சீட்டுல முன்னாடி கேள்வி, பின்னாடி பதில். சரியாச் சொன்னா சீட்டு அடுத்த தடுப்புக்குப் போகும். தப்பாச் சொன்னா முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பு தினமும், ரெண்டாவது மூணு நாளைக்கு ஒரு தடவை, மூணாவது வாரம் ஒரு தடவை. தெரியாததுக்குத்தான் நேரம் அதிகமாப் போகும். தெரிஞ்சதையே திரும்பப் படிச்சு சந்தோஷப்படற வேலை இல்லை.

அதே மாதிரி ஒரு டப்பா என் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியிலயும் வந்துச்சு. நான் ஃபாலோ பண்ணது:

• ஒரு யூனிட் படிச்ச உடனே புக்கை மூடிட்டு, வெள்ளைத்தாள்ல ஞாபகம் இருக்கிறதை எழுதறது.
• விட்டதை மட்டும் வேற கலர் பேனாவுல சேர்க்கிறது. அந்தக் கலர்தான் அடுத்த நாள் பாடம்.
• மூணாவது நாள், ஏழாவது நாள் மறுபடி வெறும் தாள்ல எழுதறது.
• வாரம் ஒரு தடவை ரூம்மேட்டுக்கு ஒரு டாபிக் விளக்கறது. அவன் "புரியலடா"ன்னு சொல்ற இடம்தான் எனக்கும் புரியாத இடம்.

முதல் வாரம் கடுப்பாத்தான் இருக்கும். வெள்ளைத்தாள் வெள்ளையாவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அங்கே விட்டுடாதீங்க.

அரியர் க்ளியர் ஆச்சு. சூப்பர் மார்க் எல்லாம் இல்லை, ஆனா கம்பெனி வர்றதுக்கு முன்னாடி பேப்பர் கையை விட்டுப் போச்சு, அது போதும். அந்தப் பையன் அடுத்த டெஸ்ட்ல யானைக்கு அஞ்சுக்கு நாலு வாங்கினான். "யாணை"ன்னு எழுதினதுக்கு ஒரு மார்க் போச்சு. கூட்டத்தை வழிநடத்துற மூத்த பெண் யானை, நடுவுல குட்டி, பலா வாசனை எல்லாமே அந்தத் தாள்ல இருந்துச்சு. டீச்சர் பலா வரிக்குப் பக்கத்துல சிவப்பு மையில ஒரு டிக் போட்டிருந்தாங்க. புக்ல இல்லாத வரிக்கு விழுந்த அந்த டிக்கைத்தான் அவன் எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருந்தான்.

இப்போ உங்க முறை. இந்தப் பக்கத்தை மூடிட்டு, சிறுத்தைக்கும் சிவிங்கிக்கும் மூணு வித்தியாசம் எழுதிப் பாருங்க. வரலைன்னா பரவாயில்லை, நாளைக்கு மறுபடி எழுதுங்க. ஆல் தி பெஸ்ட்!