விசேஷம் எப்போது?

கல்யாணமாகி மூன்று மாதம் ஆவதற்குள் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். ராஜபாளையத்தில் மில் வாசலில் கேட்பார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியில் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது உங்கள் இஷ்டம். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் உங்களுக்குள் பேசித்தான் ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• மில்லுக்குப் போகும் பெண்கள் முதலில் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பேறுகாலத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில், அதாவது இரண்டு அரையாண்டுகளில், மொத்தம் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால்தான் 26 வாரச் சம்பளம் வரும். அதுவும் முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான். அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டால் இந்தப் பணம் கைவிட்டுப் போகலாம். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற பலருக்கு இ.எஸ்.ஐ. இருக்காது. ஏழைக் குடும்பம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்டு. தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனதுமே கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்துவிடுங்கள்.

• ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தினம் 400 மைக்ரோகிராம் போதும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளம் முதல் நான்கு வாரத்திலேயே அமைந்துவிடுகிறது. நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போவதோ அதற்குப் பிறகு.

• ரத்தச்சோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

• சொந்தத்தில் முடித்தவர்கள், அதிலும் தாய்மாமனைக் கட்டியவர்கள், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறவியிலேயே காது கேளாதவர்கள் குடும்பத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மரபியல் ஆலோசனைக்கு அனுப்புவார்கள்.

• இரண்டாவதற்கு இடைவெளி விடுங்கள். பிரசவமாகி 24 மாதமாவது கழித்துத்தான் அடுத்த கரு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செய்யக்கூடாதவை

• ஆடியை மட்டும் நம்பாதீர்கள். ஆடியில் தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். கணக்கு சரிதான், இந்தப் பக்கத்து வெயில் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு. ஆனால் அது ஒரு மாதத்துக்குத்தான் தடுப்பு. ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரைச் சேர்ந்தே பார்க்கட்டுமே! தள்ளிப்போட அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி எல்லாம் இருக்கின்றன. அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒன்று: நிறுத்திய பின் கரு தங்கப் பல மாதம் ஆகலாம். அதையும் கணக்கில் சேருங்கள்.

• கருக்கலைப்பு மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

• வீட்டுக் கடன் முடியட்டும், சொந்த வீடு கட்டட்டும் என்று கணக்கில்லாமல் தள்ளிப்போடாதீர்கள். 35-க்கு மேல் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு வேகமாகக் குறையும். கடன் அப்படிக் குறைவதில்லை.

• மாமியார் பேரன் முகம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெறாதீர்கள். பார்த்துக்கொள்ள அவர் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புருஷன் நைட் ஷிஃப்ட் போகிற வீட்டில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

• ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், டாக்டரைப் பாருங்கள். பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலையவிடாதீர்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. முதல் வேலையாக அதை முடித்துவிடுங்கள்.